காணாமல் போகாத 20 பெட்டிகள்
நிறுவன மென்பொருள் ஊழியர்களின் கைப்பேசிக்கு வரும்போது எதையெல்லாம் திட்டமிட வேண்டும்?



சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர், எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் லோரி உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாவது மாதத்தில் ஒரு மாலை நேரம் என்னைப் பார்க்க வந்தார். முகம் வாடியிருந்தது. “சார், 20 பெட்டி பிஸ்கட்டை நான்தான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க” என்றார்.

நடந்தது இதுதான். கடைகளில் சரக்கை இறக்கியதும், அதைத் தம் கைப்பேசியில் உள்ள நிறுவனச் செயலியில் அவர் பதிவு செய்ய வேண்டும். ஒரு கடையில் 20 பெட்டிகள் இறக்கினார். அலுவலகக் கணக்கிலோ அந்தக் கடைக்கு 40 பெட்டிகள் இறக்கியதாக இருந்தது. கடைக்காரர், “எனக்கு வந்தது 20தான்” என்றார். அப்படியானால் மீதி 20 பெட்டிகள் எங்கே?

விடையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: அந்த மாணவர் திருடவில்லை, அலுவலகத்தில் இருந்தவர்களும் பொய் சொல்லவில்லை. அந்தச் செயலியைத் திட்டமிட்டபோது யாரோ ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

உங்களில் பலரும் நாளை ஏதோ ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்வீர்கள். முதல் நாளே, “இந்தச் செயலியை உன் கைப்பேசியில் இறக்கிக்கொள்” என்று சொல்வார்கள். அந்தச் செயலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. சிலர் நாளை அப்படிப்பட்ட செயலிகளை எழுதுபவராகவும் இருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே கணக்குப் புத்தகம்

கிள்ளானில் ஒரு மளிகை மொத்த வியாபாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே விற்பனையாளர், கிடங்குக்காரர், லோரி ஓட்டுநர், கணக்காளர், முதலாளி ஆகியோர் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவரிடமும் தனித்தனிப் புத்தகம் இருக்கும். விற்பனையாளரின் புத்தகத்தில் 50 மூட்டை என்று இருக்கும். கிடங்குப் புத்தகத்தில் 45 என்று இருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வணிக மேலாண்மை மென்பொருள் இந்தப் புத்தகங்களையெல்லாம் ஒரே புத்தகமாக்குகிறது. விற்பனை பதிவானதும் கிடங்கின் கையிருப்பு தானாகக் குறையும், விலைப்பட்டியல் தயாராகும், கடைக்காரர் தர வேண்டிய பாக்கி கணக்கில் ஏறும். இத்தகைய மென்பொருளுக்குப் பெயர் பெற்ற எஸ்.ஏ.பி. நிறுவனத்தை, ஐ.பி.எம்.இல் வேலை செய்த 5 பேர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கினார்கள். இன்று சிறிய கடைகளும் பயன்படுத்தக்கூடிய மலிவான, இலவசமான மென்பொருள்கள்கூட உள்ளன. மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டு வருவாய் வாரியம் மின்னியல் விலைப்பட்டியலைப் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருவதால், இத்தகைய மென்பொருளின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

அலுவலக மேசையில் இருக்கும்வரை இந்தப் புத்தகம் சமர்த்தாக இருக்கும். மின்சாரம் உண்டு, இணையம் உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு. அதே புத்தகத்தை லோரியிலும் பேருந்திலும் மழையிலும் செல்லும் ஒரு கைப்பேசிக்குள் வைத்தால் என்ன ஆகும்? திட்டமிடல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி: யாருக்கு எது வேண்டும்?

பலர் செய்யும் முதல் தவறு, கணினித் திரையில் உள்ள அனைத்தையும் அப்படியே கைப்பேசிக்குக் கொண்டுவர நினைப்பது. சரியான வழி, ஊழியரின் பக்கத்தில் ஒரு நாள் நின்று அவர் வேலையைக் கவனிப்பது.

லோரி ஓட்டுநருக்கு என்ன வேண்டும்? அடுத்த கடையின் முகவரி, இறக்க வேண்டிய சரக்கு, ஒப்படைத்ததைப் பதிவு செய்ய ஒரு பொத்தான். அவ்வளவுதான். நிறுவனத்தின் இலாபமோ மற்ற ஊழியரின் சம்பளமோ அவருக்குத் தேவையில்லை. விற்பனையாளருக்கு விலையும் கையிருப்பும் வேண்டும். கடைக்காரரின் பழைய பாக்கியும் வேண்டும். ஆனால் விலையை மாற்றும் அதிகாரம் வேண்டாம். முதலாளிக்கு நாள் முடிவில் ஒரு சுருக்கம் போதும்.

கணினி அறிவியலில் இதைக் ‘குறைந்தபட்ச அதிகாரக் கொள்கை’ என்று சொல்லலாம். ஒருவருக்கு அவர் வேலையைச் செய்யத் தேவையான அளவு அதிகாரமே தர வேண்டும், அதற்கு மேல் கூடாது என்பது அதன் கருத்து. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இக்கொள்கையை விளக்கியது. அதிலேயே இன்னொரு கருத்தும் உண்டு: யாருக்கு அனுமதி இல்லை என்று பட்டியல் போடாதீர்கள்; யாருக்கு அனுமதி உண்டு என்று பட்டியல் போடுங்கள். பட்டியலில் ஒருவரைச் சேர்க்க மறந்துவிட்டால், அவர் வந்து கேட்பார்; திருத்திவிடலாம். தடைப்பட்டியலில் ஒருவரைச் சேர்க்க மறந்துவிட்டால், அவர் வந்து சொல்லமாட்டார்!

இது ஊழியரை நம்பாததால் செய்வது அன்று. ஓட்டுநரின் கைப்பேசியில் சம்பளப் பட்டியல் இல்லை என்றால், அந்தக் கைப்பேசி தொலைந்தாலும் சம்பளப் பட்டியல் வெளியே போகாது. அவர் மீது சந்தேகமும் வராது.

இரண்டாவது கேள்வி: லைன் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் போயிருக்கிறீர்களா? வளைவுக்கு வளைவு லைன் வரும், போகும். காரணம் நீங்கள் இயற்பியலில் படித்ததுதான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் ஏறக்குறைய 33 செ.மீ.; 2,600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 12 செ.மீ.க்கும் குறைவு. அலைநீளம் குறையக் குறைய, தடையைச் சுற்றி வளைந்து செல்லும் திறனும் குறையும். மலை குறுக்கே நின்றால் அதன் பின்னால் நிழல் விழுந்ததுபோல் ஆகிவிடும். மலைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. உலோகத் தகடு பொருத்திய குளிர் அறைக்குள் கிடங்குக்காரர் நுழைந்தாலே லைன் போய்விடும்.

ஆகவே செயலி, லைன் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டும். தேவையான தரவின் ஒரு பிரதியைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து, லைன் வந்ததும் தலைமைக் கணினியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். இதை ஒத்திசைவு என்பார்கள். அளவு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பொருளின் பெயர், விலை, கையிருப்பு ஆகியவற்றுக்கு 500 பைட் என்று வைத்துக்கொண்டால், 3,000 பொருள்களுக்கு 15 இலட்சம் பைட். அதாவது 1.5 மெகாபைட். நீங்கள் எடுக்கும் ஒரு படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

உண்மையான சிக்கல் வேறு. கிடங்கில் 10 மூட்டை அரிசி இருக்கிறது. ஒரு விற்பனையாளர் கேமரன் மலைப் பாதையில் இருக்கிறார். இன்னொருவர் தஞ்சோங் காராங் பக்கம் ஒரு வயலோரக் கடையில் நிற்கிறார். இருவருக்கும் லைன் இல்லை. இருவர் திரையிலும் ‘கையிருப்பு 10’ என்றே இருக்கிறது. இருவரும் ஆளுக்கு 8 மூட்டை விற்றுவிட்டால்? விற்றது 16, இருப்பது 10.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லைன் இல்லாதபோது விற்பனையையே நிறுத்திவிடுவது. கணக்கு சரியாக இருக்கும், வியாபாரம் கெடும். மற்றொன்று, விற்க விடுவது. வியாபாரம் நடக்கும், கணக்கு பிசகலாம். தொடர்பு அறுந்த நேரத்தில் இரண்டையும் முழுமையாகப் பெற முடியாதா? முடியாது. எரிக் புரூவர் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 2000ஆம் ஆண்டில் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார். 2002இல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் இதைக் கணித முறையில் நிரூபித்தார்கள். எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. ஆகவே எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல திட்டம் ஒவ்வொரு தரவுக்கும் தனித்தனியாக முடிவு செய்யும். கடையின் முகவரி நேற்றையதாக இருந்தால் பரவாயில்லை. விலை, காலையில் எடுத்ததாக இருந்தால் போதும். கையிருப்புக்கு ஓர் எளிய தந்திரம் உண்டு: காலையிலேயே ஆளுக்கு 4 மூட்டை ஒதுக்கிவிடுங்கள், 2 மூட்டை கிடங்கின் கணக்கில் இருக்கட்டும். தமக்கு ஒதுக்கிய 4 மூட்டையை எங்கே நின்றும் உறுதியாக விற்கலாம். அதற்கு மேல் கேட்டால், திரையில் ‘விற்பனை உறுதி’ என்று வராமல் ‘கோரிக்கை பதிவானது’ என்று வரட்டும். அந்த ஒரு சொல் மாற்றம், கடைக்காரரிடம் பொய் வாக்குக் கொடுக்காமல் விற்பனையாளரைக் காப்பாற்றும்.

மூன்றாவது கேள்வி: எதை அனுப்புவது?

லைன் வந்துவிட்டது. கைப்பேசி தலைமைக் கணினிக்கு என்ன அனுப்ப வேண்டும்?

கிடங்கில் 50 பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் விற்பனையாளர் 8 விற்றார். அவர் கைப்பேசி, ‘இப்போது கையிருப்பு 42’ என்று அனுப்புகிறது. இரண்டாமவர் 5 விற்றார். அவர் கைப்பேசிக்கு முதலாமவர் விற்றது தெரியாது. ஆகவே ‘இப்போது கையிருப்பு 45’ என்று அனுப்புகிறது. தலைமைக் கணினி கடைசியாக வந்ததை எழுதிக்கொண்டால் கணக்கில் 45 இருக்கும். உண்மையில் இருப்பது 37. முதலாமவரின் விற்பனை அழிந்தே போயிற்று.

முடிவை அனுப்பாமல் மாற்றத்தை அனுப்பினால்? ஒன்று ‘8 கழி’ என்கிறது. மற்றொன்று ‘5 கழி’ என்கிறது. எது முதலில் வந்தாலும் 50 – 8 – 5 = 37. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்று தொடக்கப்பள்ளியில் படித்தோமே, அந்த விதிதான் இங்கே காப்பாற்றுகிறது.

ஆனால் இந்த முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. என் மாணவர் விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

அந்த 20 பெட்டிகள்

அன்று அவர் 20 பெட்டிகளை இறக்கிவிட்டு ‘ஒப்படைத்தாயிற்று’ என்ற பொத்தானை அழுத்தினார். ‘20 கழி’ என்ற செய்தி புறப்பட்டது. அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கில் 20 குறைந்தது. அந்தக் கணினி ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் அனுப்பிய நொடியில் லைன் போய்விட்டது. இவர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாம் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். லைன் வந்ததும் மீண்டும் ஒரு முறை அழுத்தினார். இரண்டாவது ‘20 கழி’ போய்ச் சேர்ந்தது. அலுவலகக் கணக்கில் 40.

கைப்பேசியின் பக்கம் இருந்து பார்த்தால், செய்தி போகாததும் பதில் வராததும் ஒரேமாதிரிதான் தெரியும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வழியில்லை. ஆகவே மீண்டும் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் மீண்டும் அனுப்பினாலும் கெடுதல் வராதபடி செய்ய வேண்டும்.

வழி மிக எளிது. பொத்தானை முதலில் அழுத்தும்போதே கைப்பேசி அந்த ஒப்படைப்புக்கு ஒரு தனி எண்ணை உருவாக்க வேண்டும். 128 இரும இலக்கங்கள் கொண்ட எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால், இன்னொரு கைப்பேசியும் அதே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணோடு செய்தி போகும். அலுவலகக் கணினி, ‘இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்’ என்று கழிக்காமல் விட்டுவிடும். மின்தூக்கியின் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் அது ஒரு முறைதானே வருகிறது? அதுபோல.

என் மாணவரிடம், கடைக்காரர் கையொப்பமிட்ட காகிதப் பற்றுச்சீட்டு இருந்தது. அதில் 20 என்று தெளிவாக இருந்தது. “கிடங்கை ஒரு முறை எண்ணிப் பார்க்கச் சொல்” என்றேன். மறுநாள் எண்ணினார்கள். கணக்கில் உள்ளதைவிட 20 பெட்டிகள் அதிகமாக இருந்தன! அவை கிடங்கை விட்டு நகரவே இல்லை.

மனிதரின் சொல்லைவிடக் கணினித் திரையை நம்புவது எளிதாகிவிட்ட காலம் இது. ஆனால் திரையில் இருப்பது ஒரு பதிவு மட்டுமே. பெட்டி இருப்பது கிடங்கில். இரண்டும் முரண்பட்டால் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது பெட்டியை. ஆய்வுக்கூடத்தில் அளவி காட்டும் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லித் தருகிறோமே, அதே பாடம்தான்.

விரல் செய்யும் பிழை

சிறிய திரையில் 13 இலக்கப் பொருள் எண்ணைத் தட்டச்சு செய்தால் பிழை வரும். ஆகவே கைப்பேசியின் கேமராவைக் கொண்டு பட்டைக் குறியை வருடுவது நல்லது. கேமரா படிக்காமல் கையால் தட்ட நேர்ந்தாலும் ஒரு காவல் இருக்கிறது. பட்டைக் குறியின் கடைசி இலக்கம் சோதனை இலக்கம்.

எடுத்துக்காட்டாக, 955123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3ஆல் பெருக்கினால் 90. மொத்தம் 124. அடுத்த பத்தின் மடங்கான 130ஐ எட்ட 6 தேவை. ஆகவே 13ஆவது இலக்கம் 6. யாராவது 6ஆவது இலக்கமான 3ஐ 8 என்று தவறாகத் தட்டினால் மொத்தம் 139 ஆகும். சோதனை இலக்கம் 1 என வர வேண்டும். 6 இருப்பதால் செயலி உடனே ‘தவறு’ என்று சொல்லிவிடும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால் அந்தப் பிழை எப்போதும் பிடிபடும்.

நான்காவது கேள்வி: நீங்கள்தானா?

அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள். கைப்பேசியில் நுழைபவர் யார் என்று எப்படித் தெரியும்? கடவுச்சொல் மட்டும் போதாது. அது மற்றவருக்குத் தெரிந்துவிடலாம். ஆகவே ‘உங்களுக்குத் தெரிந்த ஒன்று’, ‘உங்களிடம் இருக்கும் ஒன்று’ என இரண்டைக் கேட்பார்கள்.

30 வினாடிக்கு ஒரு முறை மாறும் 6 இலக்க எண்ணைக் காட்டும் செயலியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது? பதிவு செய்யும் நாளில் கியூ.ஆர். குறியின் வழியாக ஓர் இரகசிய எண் கைப்பேசிக்குத் தரப்படும். அலுவலகக் கணினியிடமும் அதே எண் இருக்கும். பிறகு இரண்டும் 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை 30ஆல் வகுத்து, வரும் முழு எண்ணையும் அந்த இரகசியத்தையும் ஒரு கணித அரைவையில் போட்டு 6 இலக்கங்களை எடுக்கும். இரகசியம் ஒன்று, நேரமும் ஒன்று. ஆகவே விடையும் ஒன்று. இதற்கான பொதுத் தரம் 2011இல் வெளியானது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணுக்கு லைன் வேண்டும், இதற்கு வேண்டாம். வை-ஃபை மட்டும் கிடைக்கும் கிடங்கிலும் இது வேலை செய்யும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. “அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், அந்த 6 எண்ணைச் சொல்” என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அந்த எண்ணைக் கேட்டு உண்மையான அலுவலகம் அழைக்காது.

ஐந்தாவது கேள்வி: கைப்பேசி தொலைந்தால்?

‘தொலைந்தால்’ என்று சொல்வதைவிட ‘தொலையும்போது’ என்று எழுதித்தான் திட்டம் போட வேண்டும். 20 ஊழியர் இருக்கும் இடத்தில் என்றாவது ஒரு கைப்பேசி தொலையத்தான் செய்யும்.

இன்றைய கைப்பேசிகள் உள்ளே உள்ள தரவைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. ஆனால் திரைப் பூட்டு இல்லாவிட்டால், எடுத்தவர் கையில் எல்லாம் திறந்தே கிடைக்கும். 4 இலக்கப் பூட்டுக்கு 10,000 வாய்ப்புகள்; 6 இலக்கத்திற்கு ஒரு மில்லியன். அதனால்தான் பல நிறுவனங்கள் 6 இலக்கம் கேட்கின்றன. பிறந்த தேதியை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

தொலைவிலிருந்தே அழிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அழிக்கும் கட்டளை போய்ச் சேர இணையம் வேண்டும். எடுத்தவர் கைப்பேசியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டால் கட்டளை வாசலிலேயே நிற்கும். ஆகவே நல்ல திட்டத்தில் மூன்று அடுக்குகள் இருக்கும். தொலைந்த செய்தி வந்ததும் அலுவலகக் கணினியில் அந்தக் கைப்பேசியின் அனுமதியை ரத்து செய்வது முதல் அடுக்கு. இதற்குக் கைப்பேசியின் தயவு தேவையில்லை. குறிப்பிட்ட நேரம் அலுவலகத்தோடு தொடர்பு கொள்ளாவிட்டால், செயலியே தன்னிடம் உள்ள தரவை அழித்துக்கொள்வது இரண்டாவது. தொடக்கத்திலேயே குறைவான தரவை வைத்திருப்பது மூன்றாவது. நாம் முதல் கேள்வியில் பார்த்த குறைந்தபட்ச அதிகாரம் இங்கே வந்து கைகொடுக்கிறது.

இன்னொன்றும் முக்கியம். கைப்பேசியைத் தொலைத்தவரைத் திட்டும் நிறுவனத்தில், ஊழியர் பயந்து இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார். அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. ‘உடனே சொன்னால் தண்டனை இல்லை’ என்ற விதி எந்தப் பூட்டுக்கும் குறைந்ததன்று.

ஆறாவது கேள்வி: இது யாருடைய கைப்பேசி?

இந்தக் கேள்வி நேராக உங்களைப் பற்றியது. நிறுவனமே கைப்பேசி தந்தால் சிக்கல் குறைவு. உங்கள் சொந்தக் கைப்பேசியில் செயலியை ஏற்றச் சொன்னால்? அதில் உங்கள் குடும்பப் படங்களும் நண்பர்களின் செய்திகளும் இருக்கின்றன. வேலையை விட்டு நிற்கும் நாளில் நிறுவனம் ‘அழி’ என்று கட்டளை கொடுத்தால் அவையும் போய்விடுமா?

2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் இதற்கு ஒரு தீர்வு உண்டு. கைப்பேசிக்குள் வேலைக்கென ஒரு தனிப்பகுதியை உருவாக்கலாம். அதிலுள்ள செயலிகளின் மேல் சிறிய பெட்டிச் சின்னம் இருக்கும். நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் நிர்வகிக்கும், அதை மட்டும் அழிக்கும். ஒரே வீட்டில் தனி வாசல் வைத்த வாடகை அறை போல. ஐஃபோனிலும் இதற்கு ஒத்த ஏற்பாடு உண்டு.

ஆகவே வேலைக்குச் சேரும்போது பணிவாகச் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் செயலி என் கைப்பேசியில் எவற்றைப் பார்க்கும்? நான் இருக்கும் இடத்தை வேலை நேரத்தில் மட்டும் பதிவு செய்யுமா, வீட்டிலும் செய்யுமா? வேலையை விட்டதும் எது அழிக்கப்படும்? இணையச் செலவு யாருடையது? நல்ல நிறுவனம் இவற்றுக்கான விடைகளை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும்.

சட்டமும் துணை நிற்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரில் இதற்கு ஈடான சட்டம் 2012இல் வந்தது. மலேசியச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கணிசமான பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. ஓர் ஓட்டுநரின் கைப்பேசியில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலும் இதில் அடங்கும்.

ஒரு லோரியில் தொடங்குங்கள்

எல்லாம் தயார் என்றாலும் ஒரே நாளில் எல்லாருக்கும் தரக் கூடாது. ஒரு லோரி, ஒரு விற்பனையாளர், இரண்டு வாரம். அதுவரை பழைய காகிதப் புத்தகமும் கூடவே ஓடட்டும். ஒவ்வொரு மாலையும் இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. அறிவியலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று செய்கிறோமே, காகிதப் புத்தகம் இங்கே அந்த வேலையைச் செய்கிறது. முக்கியமாக, ஓட்டுநரையே கேளுங்கள். வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக் கையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

என் மாணவரின் நிறுவனம் பிறகு அந்தச் செயலியைத் திருத்தியது. இப்போது பொத்தானை அழுத்தியதும் ‘பதிவு கைப்பேசியில் உள்ளது, அலுவலகத்திற்கு இன்னும் போகவில்லை’ என்று மஞ்சளில் காட்டுகிறதாம். போய்ச் சேர்ந்ததும் பச்சையாக மாறுகிறதாம். அவரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று விசாரித்தேன். “இல்லை சார், ‘சரி, போய் வேலையைப் பார்’னு சொன்னாங்க” என்று சிரித்தார். பற்றுச்சீட்டுகளை மட்டும் அவர் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் 13 இலக்கப் பட்டைக் குறியை எடுத்து, சோதனை இலக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 955 என்று தொடங்கினால், அந்த எண் மலேசியாவில் பதிவு பெற்றது. 888 என்றால் சிங்கப்பூர்.

2. உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடைக்கு ஒரு கைப்பேசிச் செயலி வரப்போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும் மாணவர், பொருளாளர், பொறுப்பாசிரியர் ஆகிய மூவருக்கும் எது தெரிய வேண்டும், எது தெரிய வேண்டாம், எதை மாற்றும் அதிகாரம் வேண்டும் என்று ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்.

3. ஓய்வு நேரத்தில் கடையின் வை-ஃபை 10 நிமிடம் அறுந்துவிட்டது. கடைசி 5 பேனாக்களை இரண்டு முகப்புகளில் ஒரே நேரத்தில் விற்கிறார்கள். நீங்கள் எந்த விதியை வைப்பீர்கள்? நண்பரோடு விவாதித்துப் பாருங்கள். உங்கள் விதியில் எந்த மாணவர் மீதாவது வீண்பழி விழ வாய்ப்பு உண்டா என்பதையும் மறக்காமல் சோதியுங்கள்.